இடி கேட்கும் முன் எடுக்கும் படம்: சென்னை வானில் மின்னலைப் பிடிக்க ஒரு வழிகாட்டி

ஜூன் மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம். பகலெல்லாம் மேற்குக் காற்று அனலாக வீசியிருக்கும். ஏழு மணி வாக்கில் பூந்தமல்லி பக்கம், மேகத்துக்குள் யாரோ டியூப்லைட்டைப் போட்டுப் போட்டு அணைப்பது போல வெளிச்சம் துடிக்கும். சத்தமே இருக்காது. "மழை வரும்போல இருக்கே" என்று வீட்டில் யாராவது மாடிக்குத் துணி எடுக்க ஓடுவார்கள். மின்னலைப் படம் பிடிக்க நினைப்பவர் கேமராவை எடுக்க வேண்டிய நேரம் அதுதான். மழை கொட்டி, இடி தலைக்கு மேல் உருளும் நேரம் அல்ல.

எட்டத்தில் வெட்டும் மின்னல்தான் நல்ல படம் தரும். இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது மேகம் முழுசாகத் தெரியும். அதன் அடிவயிற்றிலிருந்து தரை வரை இறங்கும் கோடும் முழுசாகத் தெரியும். கீழே நகரம் விளக்கோடு இருக்கும், நடுவில் மழைத்திரை இருக்காது. அதே மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டால் வானம் மொத்தமும் ஒரே வெளுப்பு, லென்ஸில் தண்ணீர்த் துளி. உயிருக்கு ஆபத்தும் அப்போதுதான். படத்துக்கு எது நல்லதோ அதுவே உயிருக்கும் நல்லது என்பதால், கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் தூரத்தை வைத்தே வரும்.

இன்னொன்று: நான் பேசுவது இடிமழையைப் பற்றி, புயலைப் பற்றி அல்ல. புயல் கரையைக் கடக்கும் நாளில் கேமராவை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள்.

எந்த மாதம், எந்தத் திசை

சென்னைக்கு மின்னல் சீசன் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். "வெப்பச்சலனம் காரணமாக" என்று செய்தியில் வாசிக்கிறார்களே, அந்த மழை. பகலில் வேலூர், ராணிப்பேட்டை, திருத்தணி, சித்தூர் பக்கம் தரை கொதித்து, ஈரக்காற்று மேலே கிளம்பி, பிற்பகலில் மேகம் கட்டும். மேற்கிலிருந்து வரும் காற்று அதைக் கடலை நோக்கித் தள்ளும். கடற்காற்று உள்ளே நுழைந்து எதிரே மோதும் இடத்தில் மேகம் இன்னும் ஓங்கும். பெரும்பாலும் இருட்டிய பிறகு நகரத்தை எட்டி, கொட்டித் தீர்த்துவிட்டு, வங்காள விரிகுடாவுக்குப் போய்ச் சேரும். ஆகவே முதல் பாதிக்கு மேற்கைப் பார்த்த இடம் வேண்டும், இரண்டாம் பாதிக்குக் கிழக்கைப் பார்த்த இடம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாட்களிலும் நல்ல மின்னல் உண்டு. நவம்பர், டிசம்பரில் மழை கூடுதல், மேகம் தாழ்வு, மின்னல் குறைவு. அந்த மாதங்களில் இதற்கென்று விழித்திருக்க வேண்டாம்.

மேகம் வருவதை முன்கூட்டியே பார்க்க இரண்டு கருவிகள் போதும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் சென்னை ரேடார் படம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிதாக வரும். மஞ்சள், சிவப்புத் திட்டுகள்தான் கனத்த மேகம். ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அரை மணி இடைவெளியில் இரண்டு படம் பார்த்து, திட்டு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். ஆறு மணிக்கு 60 கி.மீ. தள்ளி இருந்தது ஆறரைக்கு 45 கி.மீ. என்றால், மணிக்கு 30 கி.மீ. வேகம். ஏழு மணிக்கு 30 கி.மீ. தூரத்தில் இருக்கும், ஏழு நாற்பதுக்கு 10 கி.மீ. இந்த நாற்பது நிமிடம்தான் உங்கள் கையில் இருப்பது. ஜூன் கடைசியில் சூரியன் மறைய ஆறரை தாண்டிவிடும் என்பதால், இந்தக் கணக்கில் முதல் சில நிமிடங்களுக்கு வானத்தில் நீலம் மிச்சமிருக்கும். மின்னல் படத்துக்கு அதைவிட அழகான பின்புலம் கிடையாது.

இரண்டாவது, தாமினி ஆப். புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. கடந்த சில நிமிடங்களில் உங்களைச் சுற்றி எங்கெல்லாம் மின்னல் விழுந்தது என்று வரைபடத்தில் காட்டும். படம் எடுக்கவும் உதவும், எப்போது நிறுத்துவது என்று தெரியவும் உதவும்.

மொட்டை மாடி வேண்டாம்

புதிதாக வருபவர்கள் எல்லாரும் முதலில் போகும் இடம் மொட்டை மாடி. நானும் அங்கேதான் தொடங்கினேன். அந்தப் பழக்கத்தை விடச் சொல்லிக் கெஞ்சியே கேட்கிறேன். சுற்றிலும் தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, அடுத்த மாடிக்கென்று தூணில் நீட்டி விட்ட கம்பி. நடுவில் உலோக டிரைபாடைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள். கட்டடத்தில் இடிதாங்கி இருந்தாலும் அது கட்டடத்தைக் காப்பதற்கு. திறந்த மாடியில் நிற்பவரைக் காப்பதற்கு அல்ல. மெரினா மணல், ஏரிக்கரை, மரத்தடி, தகரக் கொட்டகை எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். மின்னல் மேகத்துக்கு நேர் கீழேதான் விழும் என்றும் நினைக்க வேண்டாம். மழை பெய்யும் இடத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் விலகி, வெளுத்த வானத்தின் கீழேயும் விழுந்திருக்கிறது.

நல்ல இடம், உயரத்தில் உள்ள ஒரு அறையின் ஜன்னல். மேற்கைப் பார்த்த ஆறாவது, ஏழாவது மாடி என்றால் பாக்கியம். உங்கள் வீடு அப்படி இல்லையென்றால் சொந்தக்காரர், அலுவலக நண்பர், அடுக்குமாடியில் இருக்கும் தெரிந்தவர் என்று கேட்டுப் பாருங்கள். மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் ஜன்னலும் நல்ல இடம்தான். அசோசியேஷனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, காவலாளி அண்ணனிடமும் சொல்லிவிட்டுப் போனால் யாரும் தடுப்பதில்லை.

திசையோடு சேர்த்து முன்னால் என்ன தெரிகிறது என்றும் பாருங்கள். துரைப்பாக்கம், பெருங்குடி பக்கத்து உயரமான வீடுகளிலிருந்து மேற்கே பார்த்தால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருட்டாகக் கிடக்கும். உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். அதற்கு அப்பால் வேளச்சேரி விளக்குகள், இன்னும் தள்ளி பரங்கிமலை. முன்னால் கட்டடம் மறைக்காத இப்படியொரு காட்சி நகரத்துக்குள் அபூர்வம். தேங்கிய தண்ணீரில் மின்னலின் நிழலும் விழும். சாந்தோம் பக்கம் மாடியில் இருப்பவர்களுக்கு மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் கிடைக்கும். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி மாடிகளிலிருந்து அண்ணா சாலை எல்ஐசி கட்டடம். 1959-ல் திறந்தது. இப்போது அதைவிட உயர்ந்தவை எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் அந்த உருவம் படத்தில் இருந்தால் இது சென்னை என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், மின்னல் மட்டும் இருக்கும் படம் எந்த ஊரிலும் எடுக்கலாம். 1902 ஜூன் 3 இரவு பாரிஸில் ஈபிள் கோபுரத்தின் மேல் விழுந்த மின்னலைப் பிரெஞ்சு ஓவியர் காப்ரியேல் லோப்பே எடுத்த படம் இன்றும் கண்ணில் நிற்கக் காரணம், மின்னலின் அளவு அல்ல. கீழே அந்தக் கோபுரம் இருப்பதுதான்.

இடி சொல்லும் தூரம்

வெளிச்சம் கண்ட நொடியிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் இடி வந்துவிட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் அதற்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது.

என் வழக்கம் இன்னும் கறாரானது. பால்கனியில் நின்றிருந்தால், முதல் இடி காதில் விழுந்ததும் எண்ணாமலே உள்ளே போய்விடுவேன். சென்னையில் காதை நம்ப முடியாது. அமைதியான ஊரில் பதினைந்து கிலோமீட்டர் வரை கேட்கும் இடி, இங்கே பஸ் சத்தத்திலும் ஜெனரேட்டர் சத்தத்திலும் அமுங்கிப்போகும். பக்கத்தில் வந்த பிறகுதான் காதில் விழும். அதனால்தான் ஆப்பையும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறேன்.

உள்ளே இருந்தாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். சுவரில் சாயாதீர்கள். கேமராவைச் சார்ஜரில் மாட்டி வைக்காதீர்கள். கேமரா ஜன்னலோரம் டிரைபாடில் தானாக எடுத்துக்கொண்டிருக்கட்டும், நீங்கள் அறையின் நடுவில் உட்காருங்கள். யாரையாவது மின்னல் தாக்கிவிட்டால் அவர் உடம்பில் கரண்ட் இருக்காது, தொடலாம். 108-ஐ அழையுங்கள், மூச்சோ நாடியோ இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். அந்த முதல் சில நிமிடங்கள்தான் உயிரை மீட்கும்.

கேமராவை அமைப்பது

மின்னலைப் பார்த்துவிட்டு பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் கிடைக்காது. மேகத்திலிருந்து ஒரு மங்கிய தடம் படிப்படியாக இறங்கும், தரையைத் தொடும் கணத்தில் அதே தடத்தில் பேரொளி பாயும், பிறகு அதே வழியில் இன்னும் இரண்டு மூன்று முறை பாயும். கண்ணுக்கு மின்னல் படபடவென்று துடிப்பதாகத் தெரிவது இதனால்தான். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் அரை நொடியைத் தாண்டாது. எனவே நாம் துரத்துவதில்லை. ஷட்டரை, அதாவது சென்சாருக்கு வெளிச்சம் விடும் கதவை, திறந்து வைத்து அது வரும்வரை காத்திருக்கிறோம்.

இங்கே புதியவர்கள் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. ஷட்டர் ஐந்து நொடி திறந்திருந்தாலும் இருபது நொடி திறந்திருந்தாலும் மின்னலின் வெளிச்சம் மாறாது, ஏனென்றால் அது வந்து போவது கண நேரம். மின்னல் எவ்வளவு பிரகாசமாக விழ வேண்டும் என்பதை அப்பர்ச்சரும் (லென்ஸ் துவாரத்தின் அளவு) ஐஎஸ்ஓவும் (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) தீர்மானிக்கும். நகரத்து விளக்குகள் எவ்வளவு பிரகாசமாக இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் ஷட்டர் நேரம். ஒரே படத்துக்கு இரண்டு குழாய். ஒன்றில் மின்னல், இன்னொன்றில் நகரம். இது மனதில் பதிந்துவிட்டால் எந்த அட்டவணையும் தேவையில்லை.

தொடக்கத்துக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 8, பத்து நொடி. எஃப் என்பது அப்பர்ச்சரின் எண், எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும். மேகம் 25 கி.மீ.க்கு அப்பால் இருந்தால் எஃப் 5.6, அல்லது எஃப் 4-ம் ஐஎஸ்ஓ 200-ம். பக்கத்தில் வர வர எஃப் 8, எஃப் 11 என்று மூடிக்கொண்டே போங்கள். முதல் இரண்டு மின்னலைப் பார்த்துத் திருத்துங்கள். கோடு தடித்து வெளுத்துப்போயிருந்தால் ஒரு ஸ்டாப் மூடி (வெளிச்சம் பாதியாகும்படி, எஃப் 8 என்றால் எஃப் 11), நகரம் இருட்டாகாமல் இருக்க நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். கோடு நூல் போல மெலிந்திருந்தால் அதற்கு நேர்மாறு. நகரத்தின் வெளிச்சத்தை மட்டும் மின்னல் தொடங்கும் முன்பே சோதித்துக்கொள்ளலாம். அதைக் கொஞ்சம் மங்கலாகவே வையுங்கள், மின்னல் வெட்டும்போது மேக வெளிச்சம் கட்டடங்கள் மேலும் விழும்.

ஃபோகஸ் மேனுவலில் இருக்கட்டும். தூரத்து விளக்கு ஒன்றைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது சின்னப் புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். பிறகு வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஆட்டோ ஃபோகஸில் விட்டால் இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும்.

மெனுவில் மூன்று இடம் பார்க்க வேண்டும். ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) சேமியுங்கள், மின்னலின் ஊதா நிறத்தைப் பிறகு சரிசெய்ய அது வேண்டும். டிரைபாடில் இருக்கும்போது, கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். மூன்றாவது, நீண்ட எக்ஸ்போஷரில் விழும் புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் குறைப்பு. அதைக் கட்டாயம் அணைத்து வையுங்கள். அது இயங்கினால் பத்து நொடி படத்துக்குப் பிறகு கேமரா இன்னொரு பத்து நொடி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இது தெரியாமல் ஒரு ஆகஸ்ட் இரவில் பரங்கிமலைக்குப் பின்னால் கிளை கிளையாகப் பிரிந்து இறங்கிய ஒரு மின்னலைத் தவறவிட்டேன். அந்த மாதிரி ஒன்றை அதன்பின் அந்தத் திசையில் நான் பார்க்கவில்லை.

லென்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம், கேமராவோடு வரும் கிட் லென்ஸ் போதும். ஒரு வளர்ந்த இடிமேகம் 15 கி.மீ. உயரம் வரை போகும். அது 30 கி.மீ. தள்ளி இருந்தால் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 27 பாகை உயரம். முழு ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 35 மி.மீ., சின்ன சென்சார் கேமராவில் 24 மி.மீ. வைத்தால், கொல்லன் பட்டடைக்கல் போல விரிந்த மேகத்தின் தலை முதல் கீழே நகரம் வரை ஒரே ஃபிரேமில் அடங்கும். கிட்டே வர வர 18 மி.மீ. பக்கம் போங்கள். வானத்துக்கு முக்கால் பங்கு கொடுங்கள்.

பகல் வெளிச்சத்தில் இந்த முறை செல்லாது. ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்று மூடினாலும் ஒரு நொடிக்கு மேல் திறக்க முடியாது. வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு நேரத்தை நீட்டினால் மின்னலும் சேர்ந்தே மங்கிவிடும். மின்னலை உணர்ந்து தானாக ஷட்டரைத் தட்டும் கருவிகள் உண்டு. முதல் வருடத்தில் அதற்குச் செலவழிக்காதீர்கள். இருட்டும் வரை காத்திருங்கள்.

போன் மட்டும் இருந்தால்

போனிலும் எடுக்கலாம். ஆனால் நைட் மோட் வேண்டாம். அது பல படங்களைச் சேர்த்துச் சராசரி பார்க்கும்போது மின்னல் மங்கிப்போகலாம். புரோ மோடு இருந்தால் ஐஎஸ்ஓவை ஆகக் குறைத்து, ஃபோகஸை மலைக் குறிக்கு நகர்த்தி, நான்கு முதல் எட்டு நொடி வையுங்கள். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர் மாறாது, ஆகவே மின்னல் வெளுத்தால் குறைக்க ஐஎஸ்ஓ ஒன்றுதான் வழி. அதுவும் போதாதபோது நான் வீடியோ எடுப்பேன். 4கே-யில், எக்ஸ்போஷரைப் பூட்டி, போனை ஜன்னல் திட்டில் அசையாமல் வைத்துவிட்டு, பிறகு நல்ல ஃபிரேமைத் தனியே பிரித்தெடுப்பது. சில ஃபிரேம்களில் பாதி வெளிச்சமாகவும் பாதி இருட்டாகவும் பட்டை விழும். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் வருவது அது, போனில் கோளாறு இல்லை. அடுத்த ஃபிரேமைப் பாருங்கள்.

அந்த ஒரு மணி நேரம்

ஏசி அறையில் இருந்த கேமராவை அப்படியே வெளிக்காற்றில் காட்டினால் லென்ஸில் ஆவி படியும். சென்னை ஈரப்பதத்தில் அது விலக வெகுநேரம் பிடிக்கும். மேகம் 60 கி.மீ.யில் இருக்கும்போதே ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, கேமராவைப் பையோடு அங்கே வைத்துவிடுங்கள்.

நம் வீட்டு ஜன்னலில் கம்பி இல்லாமல் இருக்காது. லென்ஸ் முகப்பை இரண்டு கம்பிகளுக்கு நடுவே கொண்டுபோய் வையுங்கள், கம்பியைத் தொடாமல். கொசுவலைச் சட்டத்தை நகர்த்திவிடுங்கள். இடி நெருங்கி கண்ணாடியை மூட வேண்டி வந்தால், லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துச் சுற்றிலும் கறுப்புத் துணி போடுங்கள். அறை விளக்கு, டிவி, ரௌட்டரின் சின்னப் பச்சை விளக்கு வரை அணைக்க வேண்டும். அது கண்ணாடியில் பிரதிபலித்தால் வானத்தில் நட்சத்திரம் போல உட்கார்ந்துவிடும்.

கேமராவில் இன்டர்வல் டைமர் இருந்தால் பத்து நொடிப் படங்களை ஒரு நொடி இடைவெளியில் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தொடர் ஷூட்டிங்கில் வைத்து ரிமோட் பட்டனைப் பூட்டிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முந்நூறு படத்துக்கு மேல் வரும். கார்டில் இடமும் பேட்டரி நிறையச் சார்ஜும் இருக்கட்டும். ஒவ்வொரு மின்னலுக்கும் எழுந்துபோய்த் திரையைப் பார்க்காதீர்கள். பார்க்கும் நேரத்தில்தான் அடுத்தது விழும்.

மேகம் நெருங்கும்போது சில பேட்டைகளில் கரண்ட் போகும். ஜன்னல் விளக்குகள் வரிசையாக அணைந்து நகரம் பாதி இருண்டுவிடும். பதற்றப்பட வேண்டாம், ஷட்டர் நேரத்தை மட்டும் பதினைந்து, இருபது நொடிக்கு நீட்டுங்கள். விளக்கில்லாத கட்டடங்கள் மின்னல் வெளிச்சத்தில் மட்டும் உருவம் காட்டும் படங்கள் எனக்குக் கிடைத்தவற்றிலேயே மிகப் பிடித்தவை.

மழை வந்து எல்லாம் மறைந்த பிறகும் கேமராவைப் பையில் போடாதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழிந்ததும் கிழக்கைப் பார்த்த ஜன்னலுக்குப் போங்கள். மேகம் கடலுக்கு மேல் நகர்ந்திருக்கும், காற்று கழுவிவிட்டது போலத் தெளிவாக இருக்கும். மேகத்தின் விரிந்த தலைக்கு அடியில் வேர் பரவுவது போல மின்னல் கிடைமட்டமாக ஓடும். இந்த ஓட்டம் தரைக்கு இறங்கும் மின்னலைவிட நிதானமானது, கண்ணாலேயே பின்தொடரலாம். ஐஎஸ்ஓ 400, எஃப் 4 வரை திறந்து எடுங்கள்.

மறுநாள்

முந்நூறு படத்தில் பத்துப் பதினைந்தில் மின்னல் இருக்கும், இரண்டு தேறும். அதுவே நல்ல இரவு. வொயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சாயலை) 4000 கெல்வின் பக்கம் வைத்துப் பாருங்கள், பிறகு வானத்துப் புகைமூட்டம் விலகும் அளவுக்குக் கொஞ்சம் கான்ட்ராஸ்ட். கோட்டை இன்னும் வெளுக்க வைக்க வேண்டாம். அதன் ஓரத்தில் இருக்கும் மெல்லிய கிளைகள்தான் அழகு. ஓவியத்தில் வரையும் கோணல்மாணல் கோடு போல மின்னல் இருப்பதில்லை என்று 1882-லேயே அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் காட்டியது. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், வானத்திலிருந்து பார்த்த ஆற்றுப்படுகை போல இருக்கும்.

டிரைபாட் நகராமல் எடுத்த பல படங்களை ஒன்றாகச் சேர்க்கவும் முடியும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் படங்களை அடுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் 'லைட்டன் ஒன்லி' முறைக்கு மாற்றினால் எல்லா மின்னலும் ஒரே வானத்தில் வந்துவிடும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அப்படிச் சேர்த்த படத்தை வெளியிடும்போது "நாற்பது நிமிடத்தில் விழுந்த ஏழு மின்னல்கள், ஏழு படங்களின் தொகுப்பு" என்று அடியில் எழுதுங்கள். ஒரே கணத்தில் விழுந்தவை என்று பார்ப்பவர் நம்பினால், நேற்று இரவு நம் ஊர் வானத்தில் நடந்ததைப் பற்றி ஒரு பொய்த் தகவல் ஊருக்குள் போய்விடும்.

கடைசி வேலை ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுவது: தேதி, ஜன்னலின் திசை, நல்ல மின்னல் விழுந்தபோது மேகம் இருந்த தூரம், அப்போதைய அப்பர்ச்சர். தூரத்தை ரேடார் படத்தைப் பார்த்து அன்றிரவே குறித்துவிடுங்கள், மறுநாள் பழைய படம் அங்கே இருக்காது.